ஈயச் சிப்பாய்களும் ஒரு மதிப்பெண்ணும்

சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் ஆகிய மூன்றும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள். இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் போற்றி வளர்த்த இலக்கிய வகை அது. வகுப்பறையில் இதனை விளக்கும்போதெல்லாம் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. பெரியோர் உலகின் வீடும் பறையும் தேரும் குழந்தையின் கையளவுக்குச் சுருங்கி வருவதையே நாம் விளையாட்டு என்கிறோம். சுருங்கும்போது பொருளின் வடிவம் மட்டுமே சுருங்குகிறதா, அன்றி அதன் துயரமும் உடன் சுருங்கிவிடுகிறதா? எம் இளமையில் எம் கைக்குச் சுருங்கி வந்தது ஓர் இயந்திரத் துப்பாக்கி. அதனால் யாம் பெற்ற பாடத்தை இம்மலரின் வாயிலாக மாணவர்க்கும் ஆன்றோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம் தந்தையார் கொருக்குப்பேட்டைச் சரக்கு நிலையத்தில் பணியாற்றி வந்தார். ஒருபுறம் பக்கிங்காம் கால்வாய். மறுபுறம் கிளை கிளையாய்ப் பிரிந்தோடும் தண்டவாளங்கள். இரவெல்லாம் சரக்குப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையே எமக்குத் தாலாட்டு. 1978ஆம் ஆண்டு, எமக்குப் பன்னிரண்டு வயது. இராயபுரத்தைச் சேர்ந்த எம் பள்ளித் தோழன் ஒருவனின் தந்தையார் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் ஒருமுறை இலண்டனிலிருந்து திரும்புகையில் கட்டைவிரற்கடை உயரமுள்ள நெகிழிச் சிப்பாய்கள் அடங்கிய பெட்டி ஒன்றையும், அவற்றை வைத்து மேசைமேற் போர் நடத்துவதற்கான விதிநூல் ஒன்றையும் கொணர்ந்தார். அந்நூலே எம்மையும் எம் தோழர் இருவரையும் ஓராண்டுக் காலம் ஆட்டிப் படைத்தது.

மேசைமேற் போர் நடத்துவது மேலைநாட்டார் வழக்கம் என்று எண்ணிவிட வேண்டா. நால்வகைப் படையையும் ஒரு பலகையில் அடக்கிய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்ததே. பிரசிய நாட்டவரான ரைஸ்விட்ஸ் என்பார் 1812ஆம் ஆண்டில் போர்ப் பயிற்சிக்கென ஒரு விளையாட்டை அமைத்தார். அவர் மகனார் 1824இல் அதனைச் செப்பம் செய்தார். பிரசியப் படைத்தலைமை அதனைத் தன் அலுவலர்க்குப் பாடமாக்கிற்று. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை எழுதி, பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு பொதுமக்களும் ஆடத்தக்க விதிகளை வகுத்தார். மெய்யான போரினும் இப்பொம்மைப் போர் எத்துணையோ மேலானது என்பது அவர் கருத்து. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

ஈயமும் குடைக்கம்பியும்

பெட்டியில் வந்த சிப்பாய்கள் போதவில்லை. குறிப்பாக, யாம் பெரிதும் விரும்பிய இயந்திரத் துப்பாக்கிக் குழு ஒன்றுகூட அதில் இல்லை. எனவே நாமே செய்வது என்று முடிவு செய்தோம். காசிமேட்டு மீனவர் வலைகளில் கட்டும் ஈயக்குண்டுகளின் உடைசல் எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். பழைய இரும்புக் கடைக்குச் சென்னையில் வழங்கும் இப்பெயர், அவ்வணிகத்தில் ஈடுபட்ட காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர். எங்கள் கடைக்காரரோ நெல்லைச் சீமையின் மேலப்பாளையத்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஊரார் அனைவர்க்கும் அவர் ‘பாய்’. கால் கிலோ ஈயம் கேட்டால் ஒரு பிடி கூடுதலாகவே அள்ளிப் போடுவார்.

கால்வாய்க் கரைக் களிமண்ணில் அச்சு எடுத்து, இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி வார்த்தோம். (ஈயப்புகை நஞ்சு என்பதை அன்று எமக்குச் சொல்வார் இலர். மாணவர் எவரும் இதனைச் செய்துபார்த்தல் கூடாது.) உடைந்த குடையின் கம்பி துப்பாக்கிக் குழலாயிற்று, குண்டூசிகள் மூன்று அதன் முக்காலி ஆயின, மிதிவண்டியின் வால்டியூப் துண்டு, குழலைச் சூழ்ந்த நீர்ச்சட்டையாயிற்று. தேயிலைப் பெட்டிப் பலகையே எங்கள் போர்க்களம். புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் போர்வையை விரித்தால் குன்றுகள் எழும். ஆலையிலிருந்து வந்த கழிவுப் பஞ்சு வெடிப்புகை ஆகும்.

அறுவர் சுமந்த கருவி

இயந்திரத் துப்பாக்கியை ஒரு வீரன் தனியே ஏந்திச் சுடும் கருவியாகத் திரைப்படங்கள் காட்டுகின்றன. முதல் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கி அத்தகையதன்று. குதிரையைப் பேணுவதுபோல் அதனைப் பேண வேண்டும். ஒருவர் குறிபார்த்துச் சுடுவார். அவர் பக்கத்தில் இருப்பவர் 250 தோட்டாக்கள் செருகிய துணிப்பட்டையை மடிப்பு விழாமல் உள்ளே செலுத்துவார். பட்டை கோணினால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். மற்றையோர் தோட்டாப் பெட்டி சுமப்பர், நீர் கொணர்வர், எதிரியின் தொலைவை அளந்து சொல்வர், வீழ்ந்தவர் இடத்தை நிரப்புவர். நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 குண்டுகள் பாயும் வெப்பத்தில் குழலைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகும். நீர் தீர்ந்தால் துப்பாக்கியும் தீர்ந்தது. ஆகவே அதனைக் குழுவின் கருவி என்றே சொல்லல் வேண்டும்.

ஹைரம் மாக்சிம் என்னும் அமெரிக்கர் 1884ஆம் ஆண்டில் இலண்டனில் உருவாக்கிய கருவி இது. 1898 செப்டம்பர் 2ஆம் நாள் சூடானின் ஓம்துர்மான் வெளியில், பீரங்கிகளோடும் துப்பாக்கிகளோடும் இதனையும் நிறுத்தி வைத்திருந்த பிரித்தானிய எகிப்தியப் படையை நோக்கி மஹ்தியின் வழிவந்த படையினர் நேரே ஓடிவந்தனர். ஒரு முற்பகல் முடிவதற்குள் அவர்களுள் பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். எதிர்த்தரப்பில் மாண்டவர் ஐம்பதின்மர் அளவினரே. வீரம் என்னும் சொல்லின் பொருளை அன்றே இக்கருவி கலைத்துவிட்டது.

இத்தனையையும் ஒரு மேசையில் காட்டுவது எங்ஙனம்? விதிநூல் இதற்கு நுட்பமான வழிகளை வகுத்திருந்தது. துப்பாக்கிக் குழு ஒரே அடித்தட்டில் ஒட்டப்பட்டிருக்கும். இடம் மாறினால் அந்தச் சுற்றில் சுட இயலாது. முக்காலியை நிறுத்த ஒரு சுற்று கழிய வேண்டும். இருபுறமும் குறிப்பிட்ட கோணத்துக்குள்ளேதான் சுடலாம். அக்கோணத்துக்குள் அகப்பட்ட படை முழுவதற்கும் பகடை உருட்ட வேண்டும். ஏனெனில், இக்கருவி ஓர் ஆளைக் குறிவைப்பதினும் ஒரு நிலப்பரப்பையே நடக்கவொண்ணாததாக்குகிறது. பகடையில் சில எண்கள் விழுந்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். குழுவில் ஒருவர் வீழ்ந்தால் சுடும் வேகம் குறையும். சுடப்பட்ட படையோ தன் ‘மனவுறுதி’ மதிப்பெண்ணை ஒட்டிப் பகடை உருட்ட வேண்டும். ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண். பகடையில் விழும் எண் அம்மதிப்பெண்ணை மிஞ்சினால் படை புறங்காட்டி ஓடும். அம்மதிப்பெண்ணே இக்கட்டுரையின் பொருள்.

ஒரே வாரத்தில் இரு களங்கள்

நூலின் பிற்பகுதியில் வரலாற்றுக் களங்கள் சில தரப்பட்டிருந்தன. அவற்றுள் இந்தியப் படையினர் இடம்பெற்ற களங்கள் இரண்டு. இரண்டும் 1914ஆம் ஆண்டில், ஒரே வாரக் கால எல்லைக்குள் நிகழ்ந்தவை. எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு. அது நிகழ்ந்து ஆறு வாரம் கடப்பதற்குள் இவ்விரு களங்களும் மூண்டன.

முதற்களம் பெல்ஜிய நாட்டின் ஹாலபெக். அக்டோபர் 31ஆம் நாள். அந்நாளில் ஒரு பட்டாளத்திற்கு இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டே. 129ஆம் பலூச்சிப் பட்டாளத்தின் துப்பாக்கிக் குழுவில் இருந்தவர் சிப்பாய் குதாதாத் கான். இன்றைய பாகிஸ்தானின் சக்வால் பகுதியைச் சேர்ந்தவர். குழுவின் ஆங்கில அலுவலர் காயமுற்றார். மற்றொரு துப்பாக்கி பீரங்கிக் குண்டால் அழிந்தது. குதாதாத் கானும் காயமுற்றார். ஆயினும் துப்பாக்கியை விட்டகலவில்லை. உடனிருந்த ஐவரும் மாண்ட பின்னரும் நிலைத்து நின்றார். இறந்தவர் என எண்ணிப் பகைவர் விட்டுச் செல்ல, ஊர்ந்தே தம் பட்டாளத்தை அடைந்தார். விக்டோரியா கிராஸ் விருதினைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. 1971இல் மறைந்தார்.

இரண்டாம் களம் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில், இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகம். அன்று அது செருமானியர் ஆட்சியில் இருந்தது. அக்டோபர் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ எண்ணாயிரம் படையினர் நவம்பர் 2ஆம் நாள் அங்குச் சென்றடைந்தனர். எதிரில் இருந்தவர் ஆயிரவர் அளவினரே. செருமானியரும் அஸ்காரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்க வீரரும். ஆனால் அவர்களிடம் நன்கு நிறுத்தப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. நவம்பர் 4ஆம் நாள் அத்துப்பாக்கிகளின் வாயில் அகப்பட்டுச் சிதறிய பட்டாளங்களுள் ஒன்று, 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை. தமிழரும் தென்னாட்டு முஸ்லிம்களும் கலந்து நின்ற சென்னைப் பட்டாளம் அது. மறுநாளே படை முழுவதும் கப்பலேறித் திரும்பிற்று.

விதிநூலில் பலூச்சியர்க்கு மதிப்பெண் ஐந்து. அஸ்காரிகளுக்கு நான்கு. பாளையங்கோட்டையார்க்கு இரண்டு. அதாவது, பகடையின் ஆறு முகங்களுள் நான்கு அவர்களை ஓடச் சொல்லும்.

பாய் கேட்ட வினா

ஒரு நாள் மாலை தாங்காப் போரை ஆடிக்கொண்டிருந்தோம். ஈயக் கணக்குத் தீர்க்க வந்த பாய் திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். எம் தோழன் பகடையை உருட்டினான், ஐந்து விழுந்தது. பாளையங்கோட்டைப் பொம்மைகள் பத்தையும் வாரியெடுத்துப் பலகையின் விளிம்புக்கு அப்பால் கொட்டி, “ஓடிட்டானுங்க!” என்று கைகொட்டிச் சிரித்தான். யாமும் சிரித்தோம்.

“ஓடினது யாரு தம்பி?” என்றார் பாய்.

“பாளையங்கோட்டைப் பட்டாளம், பாய். எப்ப ஆடினாலும் இவங்கதான் ஓடுவாங்க.”

“எப்ப ஆடினாலுமா?”

விதிநூலைக் காட்டி, மதிப்பெண்ணையும் விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் பொம்மை ஒன்றைக் கையிலெடுத்து, அதன் முகத்தைப் பார்த்தவாறே சொன்னார்.

“எங்க தாய்மாமா அந்தப் பட்டாளத்துல இருந்தாக. ஆப்பிரிக்காவுக்குப் போய் உயிரோட திரும்பி வந்தவுக. ஊர்ல அவுகளுக்குப் பேரே ‘ஓடி வந்தவரு’ன்னு ஆயிப்போச்சு. தறிக்குழியில உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டாக. சாகுறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை எங்கிட்ட மட்டும் சொன்னாக: ‘கப்பல்ல ஆடின காலு கரையில நிக்கவே இல்லலே. சுடுறவன் எங்க இருக்கான்னே தெரியல. பக்கத்துல நின்னவன் சட்டுன்னு இல்லாமப் போயிட்டான்’னு.”

எழுந்து செல்கையில் அவர் எம்மைக் கடியவில்லை. “உங்க புஸ்தகத்துல அந்தக் கப்பல் கணக்கு இருக்கா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை. அந்த நூலில் அதற்குக் கட்டமே இல்லை.

மறுநாள் கடைப்பையன் ஒருவன் ஈயம் நிறைந்த பை ஒன்றைக் கொணர்ந்து வைத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். “அந்தப் பட்டாளத்துல ஆள் குறையா இருக்காம். செஞ்சு நிரப்பச் சொன்னாரு பாய்” என்றான்.

மதிப்பெண் வந்த வழி

பின்னாளில் தமிழாசிரியப் பணியை ஏற்றபின், புறநானூற்றில் ஒரு பாடலை ஆண்டுதோறும் நடத்தும் பேறு எமக்குக் கிட்டியது. மகன் புறங்காட்டி மாண்டான் என்று ஊரார் கூறக் கேட்ட முதியவள், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்துக் களம் நோக்கிச் செல்லும் பாடல் அது. வெண்ணிப் போரில் முதுகிலும் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்நீத்த செய்தியும் அந்நூலில் உண்டு. இவற்றை நடத்தும்போதெல்லாம் எமக்கு மேலப்பாளையத்துத் தறிக்குழியில் வாய்திறவாது அமர்ந்திருந்த ஒருவர் நினைவுக்கு வருவார். வாளும் வேலும் ஏந்தி, எதிர்நிற்பவன் முகத்தைக் கண்டு போரிட்ட காலத்து அறம் புறப்புண் நாணுதல். கண்ணுக்குப் புலப்படாத தொலைவிலிருந்து நிமிடத்திற்கு 500 குண்டுகளைப் பொழியும் கருவியின் முன் நின்றவரை அதே அளவுகோலால் அளப்பது முறையாமோ?

அந்த ‘இரண்டு’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் இராபர்ட்ஸ் பிரபு. தென்னாட்டார் போருக்குரிய மரபினர் அல்லர் என்பது அவர் துணிபு. அவர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானபின், ‘போர்க்குடிகள்’ என்னும் கொள்கை வேரூன்றியது. படைக்கு ஆள் திரட்டுதல் வடக்கு நோக்கிச் சென்றது. சென்னைப் பட்டாளங்கள் குறைந்து தேய்ந்தன. குறையுடையார் என முன்னரே முடிவு கட்டப்பட்டோர்க்குப் பயிற்சியும் கருவியும் கடைசியாகவே வந்து சேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தாங்காவிலோ, முன்கூட்டி வேவு பார்க்காமல் படைத்தலைவர் அவர்களைக் களத்தில் இறக்கினார். தாக்குதலுக்கு முன்பே கடற்படையினர் பகைவர்க்கு எச்சரிக்கை விடுத்துவிட்டனர். செருமானியர் ஆயத்தமாவதற்கு வேண்டிய காலம் வாய்த்தது. இத்துணைப் பிழைகளும் பாளையங்கோட்டைச் சிப்பாயின் கணக்கில் எழுதப்பட்டன.

மற்றொன்றும் கண்டோம். அதே தாங்காவில், அதே துப்பாக்கிகளின் முன் 13ஆம் இராசபுத்திரப் பட்டாளமும் நிலைகுலைந்து சிதறியது. போர்க்குடியினர் எனப் போற்றப்பட்டவர் அவர்கள். எங்கள் விதிநூல் அவர்களுக்கு ஐந்து மதிப்பெண் வழங்கியிருந்தது. ஓடியவர் இரு சாரார். அவப்பெயர் ஒரு சாரார்க்கே.

இம்மதிப்பெண்கள் கல்லில் பொறித்தவை அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகர் சமூகத்தாரைப் படையில் சேர்த்தல் ஆகாது எனக் கதவடைத்தனர். அண்ணல் அம்பேத்கர் உள்ளிட்டோர் இடையறாது வாதிட்டனர். 1941இல் மகர் படைப்பிரிவு எழுந்தது. 1946இல் அதுவே இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவாக மாற்றப்பட்டது. குறுக்காக அமைந்த இரு விக்கர்ஸ் துப்பாக்கிகள் அதன் சின்னமாயின. துப்பாக்கி ஏந்தத் தகாதார் என ஒதுக்கப்பட்டவர் கையில் அந்தத் துப்பாக்கியே கொடியாயிற்று.

நிறைவாக

பாய் அனுப்பிய ஈயத்தில் முப்பது சிப்பாய்களை வார்த்தோம். குதாதாத் கானின் குழுவையும் புதிதாய்ச் செய்தோம். முன்பு அடித்தட்டில் இருவரை மட்டும் ஒட்டியிருந்தோம். இப்போது அறுவரையும் ஒட்டினோம். அவருக்கு வழங்கப்பட்ட விருதின் பாராட்டுரை, உடன் மாண்டவரை ‘ஐவர்’ என்னும் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறது. பட்டையைச் செலுத்திய கையும் நீர் சுமந்த தோளும் இன்றி அந்தத் துப்பாக்கி ஒரு கணமும் முழங்கியிராது. எங்கள் மேசையிலேனும் அவ்வைவர்க்கும் ஆளுக்கோர் உருவம் இருக்கட்டும் என்று கருதினோம்.

விதிகளையும் மாற்றினோம். பகடையை உருட்டுமுன் சில வினாக்களுக்கு விடை எழுத வேண்டும்: இப்படை எத்தனை நாள் கப்பலில் வந்தது? இக்கருவியை முன்பு கண்டதுண்டா? களம் பார்த்து வரப்பட்டதா? யார் ஆணையிட்டார்? அவ்விடைகளைக் கொண்டே அன்றைய மனவுறுதியைக் கணக்கிட்டோம். ஆட்டம் மெதுவாயிற்று, தோழன் முணுமுணுத்தான். ஆயினும் பாளையங்கோட்டையார் ஓடிய நாள்களில் எவரும் கைகொட்டவில்லை. சில நாள்களில் அவர்கள் நின்றும் காட்டினர்.

இன்று இவ்விளையாட்டு உலகெங்கும் பரந்துள்ளது. எம் மாணவர் சிலர் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கிக் குழுக்களை வார்த்தெடுத்து எமக்குக் காட்டுகின்றனர். குடைக்கம்பி எட்டாத நுட்பத்தை அவை எட்டிவிட்டன, கண்டு மகிழ்கின்றோம். அவர்கட்கு யாம் சொல்வது ஒன்றே. மேசைமேல் வைக்கும் ஒவ்வொரு படைக்கும் எவரோ ஒருவர் ஒரு மதிப்பெண் இட்டிருப்பார். அதனை இட்டவர் யார், எதனை எண்ணினார், எதனை எண்ணாது விட்டார் என்று கேளுங்கள். மேசையை விட்டு எழுந்தபின், தெருவிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் மனிதர்க்கு இடப்படும் மதிப்பெண்களைக் குறித்தும் அதே வினாவைக் கேளுங்கள். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியராகிய எமக்கும் அவ்வினா பொருந்தும்.

பாய் 1984இல் காலமானார். அவர் கடை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடு நிற்கிறது. அந்த முப்பது சிப்பாய்களும் எம் வீட்டுப் பேழையில் உள்ளனர். உடன் இருக்கும் பழைய ஏட்டில் பட்டாளங்களின் பெயர்களை எழுதி, நேரே மதிப்பெண்ணுக்குக் கட்டம் வரைந்திருக்கிறோம். பாளையங்கோட்டைப் பட்டாளத்தின் கட்டத்தில் இருந்த ‘இரண்டு’ அன்றே அழிக்கப்பட்டது. அழித்த இடத்தில் தாள் சற்று மெலிந்திருக்கிறது. வேறு எண் எதனையும் யாம் அங்கு எழுதவில்லை.